தோல், செம்பு, சாக்கு

மூக்கைக் கொஞ்சம் அதிகமாகவே கிட்டே கொண்டுபோய்விட்டேன் போலிருக்கிறது. "மெஸ்யூ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால், காவலுக்கு நின்றிருந்த பெண் தள்ளி வரும்படி கையால் காட்டினார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அசடு வழிந்துகொண்டே இரண்டடி பின்னால் வந்தேன். தொடப் போகவில்லை அம்மா, முகர்ந்து பார்க்கத்தான் போனேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

மொராக்கோ ஓவியர் ஃபரீத் பெல்காஹியாவின் படைப்பு அது. சட்டம் இல்லை, நாலு மூலை இல்லை. அலையா கையா என்று சொல்ல முடியாத ஒரு வடிவத்தில் மரத்தை அறுத்து, அதன்மேல் ஆட்டுத்தோலை ஈரமாக இழுத்துப் போர்த்திக் காயவிட்டிருக்கிறார். தோல் காயக் காய மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பறைக்கோ மத்தளத்துக்கோ தோல் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்தத் தோலின் மேல் மருதாணி, குங்குமப்பூ போன்றவற்றின் சாயங்களால் புள்ளிகள், அம்புகள், வட்டங்கள். மருதாணி என்று முன்பே படித்திருந்ததால், இத்தனை வருஷம் கழித்தும் வாசம் இருக்குமா என்று ஒரு சபலம். அவ்வளவுதான்.

நான் ஓவியம் தெரிந்தவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரத் தொழிலில் இருப்பவன். மொராக்கோவில் காசாபிளாங்காவுக்குத் தெற்கே கடலோரத்தில் ஜோர்ஃப் லாஸ்ஃபர் என்று ஓர் இடம். பாஸ்பேட் பாறை அமிலமாக மாறி அங்கிருந்துதான் கப்பல் ஏறுகிறது, அதில் ஒரு பங்கு இந்தியாவுக்கும் வருகிறது. அது சம்பந்தமான ஒரு வேலைக்காகச் சில வாரங்கள் பக்கத்து ஊரான எல் ஜதீதாவில் தங்கியிருந்தேன். தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் என்ன பூச்சு போட்டால் எத்தனை வருஷம் தாங்கும், எங்கே அரிக்கும் என்று பார்ப்பது என் பிழைப்பு. அதனால் எதைப் பார்த்தாலும், அழகாக இருக்கிறதா என்பதற்கு முன்னால், இது என்ன பொருள் என்றுதான் கேட்கத் தோன்றும். மொராக்கோவின் நவீன ஓவியத்தைப் பார்க்க இது அவ்வளவு மட்டமான கேள்வி இல்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

ரபாத் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது ஆறாம் முகம்மது நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். வெள்ளைக் கட்டடம், வரிசையாக வளைவுகள். 1956இல் சுதந்திரம் அடைந்த நாடு, நவீன ஓவியத்துக்கென்று பெரிதாக ஒரு வீடு கட்டித் திறந்தது 2014 அக்டோபர் 7ஆம் தேதி. ஐம்பத்தெட்டு வருஷம்! பெல்காஹியா அந்த வருஷம் செப்டம்பர் 25இல் இறந்துபோனார். பன்னிரண்டே நாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தோலைப் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

மொராக்கோ, ஓவியம் என்று சேர்த்துச் சொன்னால் எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான். 1832இல் வந்துபோன தெலாக்ருவா, 1912லும் அடுத்த வருஷமும் தாஞ்சியர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஜன்னலை வரைந்த மத்தீஸ், மராக்கேஷில் நீல வீடும் தோட்டமுமாகக் குடியேறிவிட்ட மஜோரெல். குதிரை, கோட்டை வாசல், முக்காடு, வெயில். அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்த ஆளே தூரிகையை எடுத்தால் என்ன வரைவார் என்று நான் யோசித்ததே இல்லை.

எடுத்தார். முதலில் எடுத்தவர்களில் ஒருவர் சமையற்காரர். முகம்மது பின் அலி ர்பாதி, 1861இல் பிறந்தவர், தாஞ்சியரில் ஜான் லேவரி என்ற ஐரிஷ் ஓவியர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர். எஜமானர் வரைவதைப் பார்த்துத் தானும் நீர்வண்ணத்தில் தாஞ்சியரின் தெருக்களையும் கல்யாணங்களையும் வரையத் தொடங்கினார். மொராக்கோவின் முதல் ஓவியர் என்று இன்று அவரைத்தான் பலரும் சொல்கிறார்கள். இதோடு நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மராக்கேஷின் முகம்மது பின் அல்லாலும் ழாக் அஸேமா என்ற பிரெஞ்சு ஓவியரின் வீட்டில் சமையற்காரராக இருந்தவர்தான். ஷைபியா தலால் வீட்டுவேலை செய்தவர், அவரிடம் அப்புறம் வருகிறேன். ஒரு நாட்டின் ஓவிய வரலாறு அடுக்களை வழியாக உள்ளே வந்திருக்கிறது. மறுபக்கமும் உண்டு: மராக்கேஷ் பாஷாவின் (ஊரை ஆண்ட அதிகாரி) மகன் ஹசன் எல் க்லாவி படம் வரைவது அப்பாவுக்குப் பிடிக்காமல் இருக்க, பையனை வரைய விடுங்கள் என்று பாஷாவிடம் எடுத்துச் சொன்னவர் வின்ஸ்டன் சர்ச்சில். பாஷா மகனுக்குச் சர்ச்சிலும், பாதிப் பேருக்குச் சமையலறை ஜன்னலும்.

ஏன் அப்படி என்றால், பள்ளிக்கூடம் அவர்களுக்கானதாக இல்லை. 1912இலிருந்து 1956 வரை பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி (வடக்கே ஒரு பகுதி ஸ்பெயினிடம்). அந்த ஆட்சி உள்ளூர்க் கைவினையை அழிக்கவில்லை, தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, அதுதான் சிக்கலே. சுதேசிக் கலைகளுக்கென்று தனி இலாகா. எந்த ஊர்க் கம்பளத்தில் எந்தக் கோலம் வரும் என்று பட்டியல் போட்டார்கள். அசல் என்று முத்திரை குத்தினார்கள். நீ உன் பாட்டி நெய்த மாதிரியே நெய், மாற்றாதே. ஓவியம், சிலை எல்லாம் எங்கள் பக்கம். பாதுகாக்கிறேன் என்று சொல்லி ஒன்றை நகரவிடாமல் செய்கிற வித்தை இது. துரு பிடிக்காமலிருக்க இயந்திரத்தையே கிரீஸில் முக்கி மூட்டை கட்டி வைத்த மாதிரி. துரு பிடிக்காது, ஓடவும் ஓடாது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் அகமது ஷெர்காவியின் சாக்கு புரியும். அவர் 1934இல் பூஜாத் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதில் குர்ஆன் பள்ளி, அரபு எழுத்துக் கலை, பிறகு பாரிஸ், ஒரு வருஷம் வார்சா. தாய் அமாசிக் (பெர்பர் என்றும் சொல்வார்கள்) இனப் பெண். அந்த மலைப்பகுதிப் பெண்களின் முகவாயிலும் நெற்றியிலும் பச்சை குத்தியிருக்கும். கோடு, புள்ளி, முக்கோணம், நடுவே ஒரு சிலுவை போன்ற குறி. அந்தக் குறிகளைத்தான் ஷெர்காவி பெரிதாக்கிப் படமாக்கினார், அதுவும் வழுவழுப்பான கித்தானில் இல்லாமல் சணல் சாக்கில். நம் அரிசி மண்டி கோணி மாதிரியேதான், இழை தெரிய, முடிச்சு தெரிய. கறுப்புக் கோடு சாக்கின் மேட்டில் ஏறி இறங்கிப் போகும்போது தோலில் குத்திய பச்சை போலவே சொரசொரப்பாக இருக்கிறது. சிவப்பு உள்ளிருந்து கசிகிறது. புத்தகத்தில் பார்த்தபோது, சரி, ஏதோ குறியீடுகள் என்று பக்கத்தைத் திருப்பியவன் நான். நேரில் அரைமணி நேரம் நின்றேன். 1967 ஆகஸ்டில், 33 வயதுகூட நிரம்பாமல், காசாபிளாங்காவில் வயிற்று நோயில் போய்விட்டார். பாரிஸில் வாழ்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த நேரம்.

அவரோடு சேர்த்தே சொல்லப்படுகிற இன்னொரு பெயர் ஜிலாலி கர்பாவி. 1930இல் பிறந்தவர், தாய் தந்தை இல்லாமல் வளர்ந்தவர். குறியீடு எதுவும் வேண்டாம் என்று வெறும் வீச்சாக வரைந்தவர். தூரிகை கித்தானைக் கீறிக்கொண்டே ஓடியிருக்கிறது, ஆள் மூச்சு வாங்குவது கேட்கிற மாதிரி. மனநோய் மருத்துவமனைக்குப் பலமுறை போய்வந்தார், நடுவில் அட்லஸ் மலையில் தூம்லிலீன் என்ற கிறித்துவ மடத்தில் தங்கி வரைந்தார், 1971இல் பாரிஸில் ஒரு பூங்கா பெஞ்சில் இறந்துகிடந்தார். அவர் படங்களைப் பற்றி எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. முன்னால் நிற்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

பெல்காஹியாவுக்கு வருவோம். பாரிஸிலும் பிராகிலும் படித்துவிட்டு 1962இல் ஊர் திரும்பியவரிடம் காசாபிளாங்கா நுண்கலைப் பள்ளியைக் கொடுத்தார்கள். வயது முப்பதைத் தொடவில்லை. அங்கே அதுவரை மாவுச் சிலைகளை வைத்து ஐரோப்பிய முறையில் பார்த்து வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் முகம்மது மெலேஹியையும் முகம்மது ஷபாவையும் கூட்டிவந்தார். இத்தாலியப் பெண் டோனி மரைனி கலை வரலாறு எடுத்தார். டச்சுக்காரரான பெர்ட் ஃப்ளின்ட் மலைக்கிராமங்களில் சேகரித்த கம்பளங்களையும் நகைகளையும் வகுப்புக்கே கொண்டுவந்தார். கிரேக்கச் சிலையின் மூக்கை அளந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் உங்கள் பாட்டியின் கம்பளத்தை எடுத்துவந்து இதன் கணக்கைச் சொல் என்றார்கள். முத்திரை குத்தி மூட்டை கட்டியிருந்ததைப் பிரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தவர்கள் அப்படியே நகலெடுக்கவும் இல்லை. பெல்காஹியா எண்ணெய் வண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, செம்புத் தகட்டை எடுத்தார், தட்டி மடித்து மேடும் பள்ளமுமாக ஆக்கினார். மராக்கேஷ், ஃபெஸ் கடைத்தெருக்களில் நாளெல்லாம் டங் டங்கென்று கேட்குமே, அதே செம்பு, அதே சுத்தியல் வேலை. எழுபதுகளின் நடுவில் செம்பிலிருந்து தோலுக்கு வந்தார். செம்பு, தோல் இரண்டுமே முழுதாக நாம் சொன்னபடி கேட்காதவை. செம்பு கறுக்கும், பச்சை பூக்கும். தோல் ஈரத்துக்குத் தளரும், வெயிலுக்கு இறுகும். இதெல்லாம் எனக்குக் குறைபாட்டு அறிக்கையில் எழுதுகிற சமாசாரம். அவர் அதையே வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

மெலேஹி நேர் எதிர். அசீலா என்ற அட்லாண்டிக் கரை ஊர்க்காரர், 1936இல் பிறந்தவர். ரோம், நியூயார்க் என்று சுற்றி, 1963இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய ஒரு கண்காட்சியிலும் இடம்பிடித்து, பிறகு ஊர் வந்து சேர்ந்தவர். அவர் படம் என்றால் அலை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாக எழும்பி வளைந்து போகும். கடலலையா, நெருப்பா, அரபு எழுத்தின் வளைவா என்பது உங்கள் விருப்பம். கிட்டே போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பளபளப்பும் அந்தக் கூர்மையான விளிம்பும் எண்ணெய் வண்ணத்தில் வராது. செல்லுலோஸ் பெயின்ட், நம் ஊரில் காருக்கு டிங்கரிங் செய்து அடிக்கும்போது டூக்கோ என்பார்களே, அந்தச் சாதி, மரப்பலகையில். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். ஓவியன் வேறு, பட்டறைக்காரன் வேறு என்ற கோட்டை அழிக்கப் பட்டறைக்காரனின் டப்பாவையே எடுத்துக்கொண்டார். இந்த ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் எனக்கு ஒரு சக ஊழியரைச் சந்தித்த சந்தோஷம். பக்கத்திலிருந்த தம்பதியிடம் சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். காவல்காரப் பெண் வேறு பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி 1969. மராக்கேஷில் அரசு சார்பில் வசந்தகாலக் கண்காட்சி நடக்கிறது, தரம் பார்க்காமல் எல்லாவற்றையும் கலந்து, சுற்றுலாவுக்கு அலங்காரம் மாதிரி. அதற்கு எதிராகப் பெல்காஹியா, மெலேஹி, ஷபா, அதாவுல்லா, ஹபீத், ஹமீதி ஆகிய ஆறு பேரும் அந்த மே மாதம் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்துக்குப் போனார்கள். பாம்பாட்டி, கதைசொல்லி, பல் பிடுங்குகிறவர், ஆரஞ்சுச் சாறு வண்டி எல்லாம் நிற்கிற அதே சதுக்கம். ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் வரிசையாக மாட்டிவிட்டார்கள். பத்து நாள் போல வெயிலிலும் தூசியிலும் தொங்கின. நுழைவுச்சீட்டு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஜெல்லாபா என்ற நீள அங்கி போட்ட ஆட்கள் நின்று பார்த்தார்கள், கேட்டார்கள், ஓவியர்கள் பக்கத்திலேயே நின்று பதில் சொன்னார்கள். அடுத்த மாதம் காசாபிளாங்காவிலும் ஒரு சதுக்கத்தில் இதையே செய்தார்கள். அப்போது எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. ஒரு படத்தில் மெலேஹியின் அலைக்கு முன்னால் ஜனங்கள் பாட்டுக்கு நடந்துபோகிறார்கள், பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பார்க்காமல் போகிற உரிமையோடு ஒரு கூட்டத்துக்கு முன்னால் படத்தை வைப்பதற்கு நிஜமாகவே தைரியம் வேண்டும். அருங்காட்சியகத்துக்குள் வருகிறவர்கள் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தானே.

அதே காலத்தில் அப்துல்லத்தீஃப் லாபி என்ற கவிஞர் 1966இல் தொடங்கிய 'சூஃப்ள்' பத்திரிகை (மூச்சுகள் என்று பொருள்) இவர்களின் இன்னொரு சதுக்கம். அட்டையில் கறுப்புச் சூரியனை வடிவமைத்துத் தந்தவர் மெலேஹிதான். 1972இல் பத்திரிகை நின்றது, லாபி சிறைக்குப் போய் 1980இல்தான் வெளியே வந்தார். ஷபாவும் 1972இல் சிறை பார்த்தவர். இரண்டாம் ஹசன் மன்னரின் காலம் அது, இரும்புக் காலம். இன்று அந்த ஷபாவின் படங்கள் அந்த மன்னருடைய மகனின் பெயரில் இருக்கிற அருங்காட்சியகச் சுவரில், மெல்லிய விளக்கொளியில். இதை முரண் என்று சொல்லிக் கைதட்டுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாக்கும் தோலும் ஒரு வீடு இல்லாவிட்டால் எத்தனை வருஷம் இருக்கும் என்று எனக்குத் தொழில்முறையிலேயே தெரியும்.

ஷைபியா தலாலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான் தங்கியிருந்த எல் ஜதீதாவுக்குப் பக்கத்தில் ஷ்தூக்கா கிராமத்தில் 1929இல் பிறந்தவர். 13 வயதில் கல்யாணம், 15 வயதில் கைக்குழந்தையோடு விதவை. காசாபிளாங்காவில் வீடுவீடாக வேலை செய்து மகனை வளர்த்தார், அந்த மகன் ஹுசைன் தலால் ஓவியரானார். ஒருநாள் ஒரு கனவு: வெள்ளை உடுத்தியவர்கள் வந்து இவர் கையில் தூரிகையும் தாளும் கொடுக்கிறார்கள். விடிந்ததும் பெயின்ட் வாங்கக் கிளம்பிவிட்டார் என்பார்கள். 1965இல் பியர் கோதிபேர் என்ற பிரெஞ்சு அருங்காட்சியகக்காரர் மகனின் படங்களைப் பார்க்க ஷெர்காவியோடு வீட்டுக்கு வர, அம்மா தன் படங்களையும் எடுத்துவந்து காட்டினார். அடுத்த வருஷமே கண்காட்சி.

அவர் படங்களில் பெண்கள் நம்மை முறைத்துப் பார்க்கிறார்கள். பெரிய கண், கறுப்பு விளிம்பு, ட்யூபிலிருந்து நேரே எடுத்து அப்பிய பச்சையும் இளஞ்சிவப்பும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் வாழ்நாள் முழுக்க அவரை 'நைவ்', அதாவது வெகுளி ஓவியர் என்ற பெட்டியிலேயே போட்டார்கள். வெகுளி! மொராக்கோக்காரன் பள்ளிக்கூடம் போகாமல் கனவு கண்டு வரைந்தால் ஐரோப்பிய ரசிகர்களுக்கு ஒரே பரவசம். போய்ப் படித்துவிட்டு வந்து வட்டமும் கோடும் போட்டால் இது எங்கள் சரக்கு, உனக்கெதற்கு என்பார்கள். இந்த விஷமத்தைச் சூஃப்ள்காரர்கள் சரியாகவே பிடித்துக் கேள்வி கேட்டார்கள். ஆனால் அந்தச் சண்டையில் ஷைபியா மாதிரியானவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு பக்கம் அவரைக் கொஞ்சுகிறது, இன்னொரு பக்கம் அந்தக் கொஞ்சலைப் பார்த்து அவர்மேலேயே சந்தேகப்படுகிறது. 2004இல் அவர் இறந்தார். எல் ஜதீதாவில் எனக்குத் தினமும் ரொட்டி கொடுத்த அம்மாளிடம் கைபேசியில் படத்தைக் காட்டி இவரைத் தெரியுமா என்று கேட்டேன். பெயர் தெரிந்திருந்தது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கழுத்திலிருக்கும் நகையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு அரபு தெரியாது. ரொட்டி ஒன்று அதிகமாக வந்தது.

இவர்கள் செய்ததில் பெரிய பங்கு எந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் வர முடியாதது. ஃபராவி, த மசியேர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து ஹோட்டல்களின் கூரைகளிலும் சுவர்களிலும் கதவுகளிலும் வேலை செய்திருக்கிறார்கள். 1981இல் பெர்ரஷீத் மனநல மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளோடு சேர்ந்து சுவரில் வரைந்திருக்கிறார்கள். 2023இல் பிரிட்டனில் டேட் செயின்ட் ஐவ்ஸ் காசாபிளாங்கா பள்ளிக்கென்றே கண்காட்சி வைத்தது. நல்லதுதான். கழற்றி எடுத்துப் போக முடிந்தது போயிருக்கும். கூரை எப்படிப் போகும்?

அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசீலாவுக்கு ரயில் ஏறினேன். மெலேஹி 2020இல் பாரிஸில் கொரோனாவில் இறந்தார். அவரும் நண்பர் முகம்மது பெனைஸாவும் 1978இல் இந்த ஊரில் ஒரு விழா தொடங்கினார்கள்: ஓவியர்கள் வருவார்கள், பழைய ஊரின் வெள்ளைச் சுவர்களில் வரைவார்கள், அடுத்த விழாவுக்கு முன்னால் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு வேறு யாராவது வரைவார்கள். சேர்த்து வைப்பது என்ற பேச்சே இல்லை. நான் போனபோது விழாக்காலம் இல்லை. கடல்காற்றில் படங்கள் மங்கிப்போயிருந்தன, சில இடத்தில் காரை உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது.

ஒரு சந்துமுனையில் கைப்பிடி அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து, அடுக்கெல்லாம் வெளியே தெரிந்தது. தொட்டிச் சுவரில் பூச்சு உரிந்தால் எத்தனை கோட்டிங் என்று பார்ப்போமே, அதே பழக்கத்தில் குனிந்து எண்ண ஆரம்பித்தேன். வெள்ளை, நீலம், வெள்ளை, ஏதோ ஒரு சிவப்பு, தடிமனாக வெள்ளை, மறுபடி நீலம், இந்த முறை கொஞ்சம் பச்சையோடிய நீலம். அதற்குக் கீழேயும் இருந்தது. ஏழு வரைக்கும் வந்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது.